வளர்த்த நாய் நோயுற்றால்: செலவும் பொறுப்பும் மார்க்கமும்



நாய் என்றவுடன் நம் சமுதாயத்தில் பேச்சு நஜீஸில் தொடங்கி நஜீஸிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை முறை கழுவ வேண்டும், எந்த முறை மண் கலக்க வேண்டும் என்பதை மத்ரஸாவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் ஒப்பிக்கும். வளர்த்த நாய்க்கு நோய் வந்தால் வளர்த்தவரின் கடமை என்ன என்று கேட்டால், அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் விடை வருவதில்லை. அதே ஃபிக்ஹு நூல்களில் அதற்கும் தனிப் பாடம் இருக்கிறது. அதை நாம் புரட்டுவதில்லை.

இந்தக் கேள்வி நம் மாவட்டத்திற்கு அந்நியமானதும் அல்ல. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீடுகள் தெருவோடு தெருவாக ஒட்டி நிற்பதில்லை. தென்னையும் வாழையும் ரப்பரும் நிற்கும் விளைகளுக்கு நடுவே ஒவ்வொரு வீடும் தனித்து நிற்கிறது. ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். வீட்டில் மனைவி, பிள்ளைகள், வயதான மாமியார் மட்டும். இரவில் வேலிப்பக்கம் ஒரு சத்தம் கேட்டால் முதலில் எழுவது வாசலில் கிடக்கும் நாய்தான். தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் எனப் பல மஹல்லாக்களிலும் இப்படிக் காவலுக்கு நாய் வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. அதைச் சற்றே கூச்சத்தோடு மறைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

அண்மையில் அப்படியொரு குடும்பத்திலிருந்து நம்மிடம் ஒரு கேள்வி வந்தது. கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். ஆறு வயதான நாய். குட்டைக்கால்களும் நீண்ட உடலும் கொண்ட டாஷ்ஹண்ட் கலப்பினம். ஒரு நாள் காலையில் அதன் பின்னங்கால்கள் இரண்டும் தரையில் இழுபட்டன. தனியார் மருத்துவர் பார்த்துவிட்டு முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார். ஸ்கேன், அறுவைச் சிகிச்சை, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ரூபாய் வரை ஆகலாம் என்றும் சொன்னார். உறவினர்கள் கூடினார்கள். “ஒரு நாய்க்கா இவ்வளவு பைசா?” என்றார் ஒருவர். “ராத்திரி வண்டியில் ஏற்றி எங்கேயாவது மார்க்கெட் பக்கம் கொண்டு விட்டுவிடுங்கள்” என்றார் இன்னொருவர். அந்தப் பெண் நம்மிடம் கேட்டது இரண்டு கேள்விகள். இதற்குச் செலவு செய்வது வீண்விரயமா? செலவு செய்ய முடியாவிட்டால் கொண்டு விட்டுவிடலாமா?

இரண்டுக்கும் நம் கருத்தைச் சொல்கிறோம். பத்வா கொடுக்கும் தகுதி நமக்கில்லை. நூல்களில் இருப்பதை எடுத்து வைத்து, அதன்மேல் நம் எண்ணத்தைச் சொல்கிறோம்.

வளர்க்கலாமா என்பது முதல் கேள்வி

வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், விளைநிலக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பதும், இவை எதுவுமின்றி வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்பதும் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் வரும் நபிமொழிகளின் சாரம். வீட்டுக் காவலையும் இந்த அனுமதியோடு ஒப்புநோக்கி இமாம் நவவி (ரஹ்) போன்றோர் கூடும் என்றார்கள். எனவே விளைக்கு நடுவே தனித்திருக்கும் வீட்டில் காவலுக்கு ஒரு நாய் இருப்பது மார்க்கத்திற்குப் புறம்பானதன்று. வரவேற்பறையில் அலங்காரத்திற்காகப் பல்லாயிரம் கொடுத்து வாங்கி வைப்பது வேறு விஷயம். நாயின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால் ஷாஃபிஈ மத்ஹபில் நாய் விற்பனையே செல்லாது.

தடை ஒருபுறமிருக்க, நடைமுறையிலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. டாஷ்ஹண்ட் என்பது வளைக்கரடியைப் பொந்துக்குள் புகுந்து பிடிப்பதற்காக ஜெர்மனியில் உருவாக்கப்பட்ட இனம். குட்டைக்காலுக்காகத் தேர்ந்தெடுத்த அதே மரபுக்கூறு, முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் தட்டுகளை இளமையிலேயே காயவைத்துக் கெட்டியாக்கிவிடுகிறது. அதனால் இந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒரு நாய்க்குத் தன் வாழ்நாளில் இந்த முதுகு நோய் வருகிறது. அழகுக்காக ஒரு படைப்பின் உடலை வளைத்தோம். விலையை அந்தப் படைப்பு கொடுக்கிறது. காவலுக்குத்தான் நாய் வேண்டுமென்றால் நம் மண்ணின் சாதாரண நாட்டு நாய் போதும். விலை இல்லை, நோயும் குறைவு.

வளர்த்தபின் அது பொறுப்பு

ஓர் உயிரை நம் வேலிக்குள் கொண்டுவந்த நொடியில் அதன் ஜீவனாம்சம், அதாவது நஃபகா, நம்மீது கடமையாகிறது. ஃபிக்ஹு நூல்களில் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரின் நஃபகாவைப் பேசும் அதே பாடத்தின் இறுதியில் பிராணிகளின் நஃபகாவும் பேசப்படுகிறது. தீனியும் தண்ணீரும் கொடுக்க மறுப்பவரை அரசு கட்டாயப்படுத்தலாம் என்பது அங்குள்ள சட்டம்.

13ஆம் நூற்றாண்டில் திமிஷ்கிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் பின் அப்துஸ்ஸலாம் (ரஹ்) மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அதில் முதலிடத்தில் வருவது இதுதான்: முதுமையாலோ நோயாலோ இனி எந்தப் பயனும் கிடைக்காது என்றான பின்னும் அதற்குச் செலவு செய்யவேண்டும். இந்த நிபந்தனையை நாம் நிதானித்துப் படிக்கவேண்டும். பயன் இருக்கும்வரை கவனிப்பதற்கு மார்க்கம் சொல்லித் தரத் தேவையில்லை. வியாபார புத்தியே போதும். பயன் நின்ற பிறகுதான் அது உரிமையா, வியாபாரமா என்பது தெரியவருகிறது.

“நாய் நஜீஸாயிற்றே, அதற்குமா உரிமை?” என்று கேட்பவர்களுக்கு ஷாஃபிஈ மத்ஹபிலிருந்தே ஒரு சட்டத்தைச் சொல்கிறோம். உளூச் செய்யும் அளவுக்கு மட்டும் தண்ணீர் இருக்கிறது. அருகில் கண்ணியமான உயிர் ஒன்று தாகத்தால் தவிக்கிறது. தண்ணீரை அந்த உயிருக்குக் கொடுத்துவிட்டு நாம் தயம்மும் செய்யவேண்டும். கடிக்கும் வெறிநாய் அந்தக் கண்ணியத்தில் சேராது. காவலுக்கும் வேட்டைக்கும் பயன்படும் நாய் சேரும். எந்த நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவச் சொல்கிறதோ, அந்த நாயின் தாகத்தைத் தொழுகையின் தண்ணீருக்கு முன்னால் வைக்கிறது அதே மத்ஹப். அசுத்தம் என்பது கழுவவேண்டியதைப் பற்றிய சட்டம். வெறுக்கவேண்டியதைப் பற்றியது என்று நாமாகச் சேர்த்துக்கொண்டோம்.

தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டதை நாம் அனைவரும் மிம்பரில் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்ட தோழர்கள் பிராணிகள் விஷயத்திலும் நற்கூலி உண்டா என்று வியந்து கேட்டதும், உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் உண்டு என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததும் அதே அறிவிப்பில் இருக்கின்றன. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியும் நமக்குத் தெரியும். குகைத் தோழர்களோடு அவர்களின் நாயையும், அது வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த விதத்தையும் சேர்த்தே கஹ்ஃபு சூரா கூறுகிறது. வெள்ளிதோறும் அதை ஓதும் நாம் வாசலில் கிடப்பதை எட்டி உதைக்கலாமா?

அப்படியானால் எண்பதாயிரம் கடமையா?

இல்லை. கருணையின் பெயரால் ஏழைக் குடும்பத்தின்மீது மார்க்கம் சுமத்தாத பாரத்தை நாம் சுமத்தக்கூடாது. மனிதன் தனக்கே மருத்துவம் செய்துகொள்வதைப் பெரும்பான்மை அறிஞர்கள் பொதுவாக விரும்பத்தக்கது என்றே சொன்னார்கள். பிராணிக்குத் தீனி, தண்ணீர், நிழல், வதைக்காமல் இருத்தல் ஆகியவை கட்டாயம். பெருஞ்செலவுள்ள அறுவைச் சிகிச்சை வசதி உள்ளவருக்கு நன்மை. வசதி இல்லாதவர்மீது குற்றமில்லை. எந்த ஆத்மாவின்மீதும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சுமத்துவதில்லை என்பது இங்கும் பொருந்தும்.

இதில் வரிசை முக்கியம். மனைவி மக்களின் நஃபகா, பெற்றோரின் மருந்து, தவணை வந்துவிட்ட கடன் ஆகியவற்றை நிறுத்திவைத்து நாய்க்கு அறுவை செய்வது சரியன்று. நம் ஊரில் அவசரம் என்றதும் கை முதலில் போகுமிடம் கழுத்து நகை. அதை அடகு வைத்து வட்டிக்குப் பணம் வாங்குவது. ஒரு நன்மைக்காக ஹராமின் கதவைத் திறக்கவேண்டாம். வட்டியில்லாமல் கைமாற்று கிடைக்கிறது, திருப்பித் தரும் வழியும் தெரிகிறது என்றால் அது வேறு.

அதேநேரம் வசதி உள்ளவர் செலவழித்தால் அதை வீண்விரயம் என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. திருமணப் பந்தலின் மின்விளக்குக்கும் மிஞ்சிக் கொட்டும் பிரியாணிக்கும் இலட்சங்கள் போகும்போது வாய் திறக்காதவர்கள், ஓர் உயிரின் வலிக்கு ஒருவர் தம் ஹலாலான சம்பாத்தியத்தைச் செலவழிக்கும்போது மட்டும் மார்க்கம் பேசுவது நியாயமன்று.

குறைந்த செலவில் செய்யக்கூடியவை

மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

பின்னங்கால் இழுபட்ட அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். விரல் எலும்பை அழுத்தும்போது நாய் வலியை உணர்கிறதா என்று அவர் பார்ப்பார். காலை வெறுமனே இழுத்துக்கொள்வது போதாது. திரும்பிப் பார்ப்பதோ முனகுவதோ வேண்டும். அந்த ஆழ்ந்த வலியுணர்வு இருந்தால் அறுவைக்குப் பின் பத்தில் ஒன்பது நாய்கள் வரை மீண்டும் நடக்கின்றன. அது போய்விட்டிருந்தால் அறுவை செய்தாலும் ஏறத்தாழப் பாதிதான். அதிலும் தாமதம் நல்லதன்று. ஆகவே பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் கேட்கவேண்டிய கேள்வி, “வலியுணர்வு இருக்கிறதா?” என்பதே. விடை தெரியாமல் எண்பதாயிரத்தைச் செலவழிப்பதும் தவறு. தெரியாமல் கைவிடுவதும் தவறு.

வலி மட்டும் இருந்து, தள்ளாடியேனும் நடக்கும் நாய்கள் பல, அறுவையே இல்லாமல் தேறுகின்றன. அதற்கு வேண்டியது கடும் ஓய்வு. எழுந்து திரும்பிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டிலோ பலகைத் தடுப்பிலோ நான்கு முதல் ஆறு வாரம் வரை வைத்திருக்கவேண்டும். மலசலம் கழிக்க மட்டும் தூக்கிக்கொண்டுபோய் விடலாம். ஓட்டம், படியேற்றம், குதித்தல் கூடாது. இதற்குப் பணம் அதிகம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். சற்றுத் தேறியதும் இரக்கப்பட்டு அவிழ்த்துவிடுவதால்தான் நோய் திரும்புகிறது.

நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவை கெடுத்துவிடும்.

தானாகச் சிறுநீர் கழிக்க இயலாத நாய்க்கு அடிவயிற்றை மெல்ல அழுத்தி ஒரு நாளில் மூன்று நான்கு முறை வெளியேற்றவேண்டும். மருத்துவர் ஒருமுறை காட்டித் தந்தால் வீட்டிலுள்ளவர் கற்றுக்கொள்ளலாம். படுக்கைப்புண் வராமல் மெத்தையிட்டுப் பக்கம் மாற்றிவிடவேண்டும். கையுறையும் இந்த வேலைக்கென்று ஒரு தனி உடுப்பும் வைத்துக்கொண்டால் தொழுகைக்குச் சிரமமில்லை. சாய்ப்பிலோ விறகுப்புரையிலோ இடம் ஒதுக்கினால் வீட்டின் சுத்தமும் கெடாது. உடலில் பட்டால் அவரவர் மத்ஹபின்படி கழுவிக்கொள்ளவேண்டும். கழுவும் வழியைச் சொல்லித்தந்த மார்க்கம் தொடவேண்டிய தேவை வரும் என்பதை அறிந்தே சொல்லித்தந்தது.

ஓர் எச்சரிக்கை. பின்னங்கால் செயலிழப்பது ரேபிஸ் நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தடுப்பூசி போடாத நாய், எச்சில் வழிதல், விழுங்க முடியாமை, குரல் மாற்றம் ஆகியவை இருந்தால் வாயில் கைவிடாமல் விலகி நின்று மருத்துவரை அழைக்கவேண்டும். கடியோ கீறலோ எச்சிலோ பட்டிருந்தால் உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். நாய் வளர்ப்பவர் ஆண்டுதோறும் அதற்கு ரேபிஸ் தடுப்பூசி போடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யவேண்டிய கடமையும் ஆகும்.

எங்கே போவது? முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு. அங்கே இயலாததற்கு, திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903ஆம் ஆண்டின் பாரம்பரியம் கொண்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் தனியார் இடங்களைவிடக் குறைவு. எந்த ஸ்கேன், எந்த அறுவை எங்கே உண்டு என்பதை முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. முதுகு நோயுள்ள நாயைப் பலகையில் படுக்கவைத்துக் கட்டியே கொண்டுசெல்லவேண்டும்.

நடை திரும்பாவிட்டாலும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரு தந்தையும் மகளும் கைவிடப்பட்ட ஊனமுற்ற நாயை எடுத்து வளர்த்து, அதற்குச் சக்கரவண்டி செய்து கொடுத்தார்கள். பிறகு பிறருடைய நாய்களுக்கும் செய்யத் தொடங்கினார்கள். பி.வி.சி. குழாயும் இரண்டு சிறு சக்கரங்களும் பட்டையும் இருந்தால் நம் ஊர் பட்டறைக்காரர்களாலும் இது முடியும்.

கொண்டு விடுவது

இரண்டாம் கேள்விக்கு நம் விடை தெளிவானது: கூடாது. நடக்க முடியாத நாயை மார்க்கெட்டிலோ ரப்பர் தோட்டத்திலோ இறக்கிவிட்டு வருவது, பூனையைக் கட்டிவைத்த பெண் செய்ததிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது? அவள் கயிற்றால் கட்டினாள். இங்கே நோய் கட்டிப்போட்டிருக்கிறது. இரை தேடிப்போக இரண்டுக்கும் வழியில்லை.

நாட்டின் சட்டமும் இதைக் குற்றம் என்கிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், பட்டினியாலும் தாகத்தாலும் வேதனைப்படும் நிலையில் பிராணியைக் கைவிடுவதைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளது. முதல் குற்றத்திற்கான அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அந்த ஐம்பது ரூபாயை எளிதாகக் கட்டிவிடலாம். மறுமையில் வாயில்லா ஜீவன் வாய்திறந்து முறையிட்டால் எதைக் கட்டுவது? நபித்தோழர் அபுத்தர்தா (ரழி) அவர்கள் தம் ஒட்டகம் இறக்கும் தருவாயில் அதனிடம், உன் சக்திக்கு மீறி உன்மீது நான் சுமத்தியதில்லை, ஆகவே இறைவனிடம் என்மீது வழக்காடாதே என்ற கருத்தில் பேசியதாக அறிவிக்கப்படுகிறது. அவர்களுக்கே அந்த அச்சம் இருந்தது.

தேறவே வழியில்லை, வலியும் தணியவில்லை என்றால் ஊசி போட்டு முடித்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். உண்ண ஆகாத பிராணியை வேதனையிலிருந்து விடுவிப்பதற்காகக்கூடக் கொல்லக்கூடாது என்று ஷாஃபிஈ நூல்களில் வருகிறது. ஹனஃபி அறிஞர்களிடம் இதில் இளக்கம் உண்டு. இன்றைய ஆலிம்கள் சிலர் நம்பிக்கை அற்றுப்போன நிலையில் அனுமதிக்கிறார்கள். இதை மருத்துவரின் சொல்லை மட்டும் வைத்தோ உறவினரின் சலிப்பை வைத்தோ முடிவு செய்யாமல், நோயின் நிலையை எடுத்துச் சொல்லி உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நமக்குச் சலித்துவிட்டது என்பதும் அதற்கு வலிக்கிறது என்பதும் ஒன்றல்ல.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஒரு குடும்பம் தனியாகச் சுமக்கும்போது எண்பதாயிரம் மலை. அதை மஹல்லா சுமந்தால் அவ்வளவு பெரிதல்ல. ஜகாத்தை இதற்குத் தொடக்கூடாது. அது எட்டு வகை மனிதர்களுக்கு உரியது. பள்ளிவாசலின் வக்ஃபு வருமானத்தையும் தொடவேண்டாம். விரும்பியவர் தரும் ஸதகாவைத் தனிக்கணக்காக வைத்து, நாய் மட்டுமின்றி ஆடு, மாடு, கோழி வளர்க்கும் ஏழைகளின் பிராணிகளுக்கும் மருந்துக்கு உதவலாம். மாதம் இருபது ரூபாய் தர ஐம்பது வீடுகள் இருந்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் சேரும். அறுவைக்கு அது போதாது. மருத்துவர் கட்டணத்திற்கும், வலி மருந்துக்கும், ஒரு கூண்டுக்கும், கைமாறிக் கைமாறிப் பயன்படும் ஒரு சக்கரவண்டிக்கும் போதும். ஆண்டுக்கு ஒருமுறை கால்நடைத் துறையினரை அழைத்து ரேபிஸ் தடுப்பூசி முகாம் வைத்தால் நம் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

மத்ரஸா ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஏழு முறை கழுவும் பாடத்தை நடத்தும் அதே நாளில் தாகித்த நாயின் பாடத்தையும் நடத்துங்கள். கழுவக் கற்ற பிள்ளை கல்லெறியக் கற்றுக்கொண்டால் பாதிப் பாடம்தான் நடந்திருக்கிறது.

கேள்வி கேட்ட சகோதரிக்கு நாம் சொன்னது இவ்வளவுதான்: உங்களால் இயன்றதைச் செய்யுங்கள், இயலாததற்காகக் கலங்காதீர்கள், கொண்டு மட்டும் விடாதீர்கள். இரவில் எழுந்து அதைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும் உங்கள் கை, உளூவுக்கு முன்னும் பின்னும் கழுவவேண்டிய கைதான். கூலி எழுதப்படும் கையும் அதுவே.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களில் இரக்கத்தை விதைப்பானாக. நம் பொறுப்பில் உள்ள வாயில்லா ஜீவன்களின் முறையீட்டிலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.